ஆம்புரோஸ் கிராணியும் நாற்பத்தோராவது கடையும்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் கடை வைத்திருக்கிற எவரும் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. சொன்னால் கண் பட்டுவிடும். கண் படாமல் தப்பித்தாலும் திருவிழா நன்கொடைப் புத்தகம் வாசலில் வந்து நிற்கும். அதிலிருந்தும் தப்பித்தால் கடையை வாடகைக்கு விட்டவன் வாடகையை ஏற்றிவிடுவான். ஆகையால் காலையில் கடைக் கதவைத் தூக்கும்போதே முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொள்வது அந்த வட்டாரத்து வழக்கம். இது தெரியாமல்தான் ஈப்போவில் உள்ள வியாபாரிகள் சங்கம் ஒன்று, நகரத்தில் வணிக நம்பிக்கை எப்படி இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடை கடையாகக் கேட்டு அறிக்கை போடுவதென்று தீர்மானித்தது. புந்தோங் பக்கம் கேட்டு வர ஆம்புரோஸ் கிராணியைப் போட்டது.

ஆம்புரோஸுக்கு வயது அறுபத்து மூன்று. சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் பால் நிறுத்துக் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தவர். தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, செம்பனையும் போய், இப்போது அங்கே வரிசை வீடுகள் நிற்கின்றன. அதன் பிறகு ஈப்போவுக்கு வந்து ஓடு செய்கிற தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வும் பெற்றாயிற்று. தோட்டம் போனாலும் கிராணிப் பட்டம் போகவில்லை. அவர் மனைவி குழந்தையம்மாளே கோபம் வந்தால் "இந்தா, கிராணியாரே" என்றுதான் ஆரம்பிப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் கிளிப் அட்டை, ஏறி உட்கார்ந்தால் இருமுகிற ஒரு பழைய மோட்டார் சைக்கிள். இவ்வளவுதான் சங்கத்தின் புந்தோங் கிளை.

கேட்டு நிரப்பவேண்டிய போரத்தில் பதினோரு கேள்விகள் இருந்தாலும் உயிரானவை இரண்டுதான். போன மூன்று மாதம் வியாபாரம் எப்படி? வருகிற மூன்று மாதம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் மூன்று பெட்டி: மேம்பட்டுள்ளது, மாற்றமில்லை, மோசமடைந்துள்ளது. மொத்தம் நாற்பது கடை.

முதல் சுற்றில் ஆம்புரோஸ் சொன்னதைச் சொன்னபடி எழுதினார். கிராணி அல்லவா, கூட்டிக் குறைத்து எழுதுவது அவர் ரத்தத்திலேயே இல்லை. முப்பத்தெட்டுக் கடைக்காரர்கள் மோசம் என்றார்கள். ஒரு கடை பூட்டியிருந்தது. மிச்சமிருந்த ஒருவர், "சும்மா போ கிராணி, தல வலிக்குது" என்றார். சங்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் புந்தோங்கின் நம்பிக்கை நூற்றுக்குச் சைபர். அறிக்கையைப் படித்த சங்கத் தலைவர், அங்கே என்ன, வெள்ளமா என்று கேட்டாராம்.

அறிக்கையைத் தயாரித்தவள் ஷாமினி. பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கி அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த பெண். எண் தப்பா, எண்ணியவர் தப்பா என்று பார்க்க அவளே ஒரு நாள் கிளம்பி வந்துவிட்டாள். ஆம்புரோஸ் அவளை முதலில் சுகுமாரனின் மளிகைக் கடைக்குக் கூட்டிப்போனார்.

கடை வாசலில் லாரி ஒன்று பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். சுகுமாரன் தொலைபேசியில், எண்ணெய் ஐம்பது பெட்டி கேட்டால் முப்பது அனுப்பியிருக்கிறாயே, நாளைக்கு வருகிற ஆளுக்கு நான் தண்ணியையா ஊற்றித் தருவது என்று எவரையோ காய்ச்சிக்கொண்டிருந்தார். கிளிப் அட்டையைக் கண்டதும் தொலைபேசியை வைத்தார். முகம் அப்படியே இறங்கியது.

"சிலோ லா மா," என்றார் ஷாமினியிடம். "ரொம்ப சூசா. பேசாம கடைய மூடிட்டு தெலுக் இந்தானுக்கே போயிரலாமான்னு இருக்கு."

சிலோ என்றால் வியாபாரம் மந்தம், சூசா என்றால் கஷ்டம். தெலுக் இந்தான் அவர் பிறந்த ஊர். இருபத்திரண்டு வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறார், இன்னும் போய்ச் சேரவில்லை. ஆனால் ஷாமினிக்கு அது எப்படித் தெரியும்? அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம் பார்த்து, தேவையே இல்லாமல் இரண்டு போத்தல் தேன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். லாரிக்காரன் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு மறு நடை எடுத்து வரப் போனான். அதையும் அவள் பார்க்கவில்லை. ஆம்புரோஸுக்கே பொறுக்கவில்லை.

"நான் தோட்டத்துல பால் நிறுத்தவன்மா," என்றார். "பதினெட்டு வருசத்துல எவனும் எங்கிட்ட, கிராணி, இன்னிக்கி பால் நெறைய வந்துச்சுன்னு சொன்னதில்ல. எல்லாருக்கும் மரம் காஞ்சிதான் கெடக்கும். நான் மூஞ்சியப் பாக்க மாட்டேன், வாளியப் பாப்பேன். இங்கயும் வாளியப் பாக்கலாமா?"

ஷாமினி கையிலிருந்த தேன் போத்தலைப் பார்த்தாள், திரும்பிக் கடையைப் பார்த்தாள். பார்க்கலாம் அங்கிள் என்றாள். கெட்டிக்காரி.

அன்று முதல் வாளி பார்க்கும் முறை நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர் வாயால் சொன்னதைக் குறிப்பில் எழுதுவார், கண்ணால் பார்த்ததைப் பெட்டியில் போடுவார். பழகப் பழக அது ஒரு சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. போனதும் "நாளைக்கு வா கிராணி" என்று விரட்டினால் வியாபாரம் கொழிக்கிறது. நாற்காலி எடுத்துப் போட்டால் சுமார். நாற்காலியோடு கோப்பியும் வந்தால் கவலைக்கிடம். கோப்பியும் கொடுத்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்து, மகன் கல்யாண ஆல்பத்தையும் எடுத்துக் காட்டினால் அந்தக் கடைக்காக ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லிவிட்டு வரவேண்டியதுதான்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான பதில் ஒன்று உண்டு. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சினிமாப் பட வட்டு விற்ற படக்கடை பழனியப்பன். மனிதர் வருஷக்கணக்கில் ஒழுங்காக, விடாமல் புலம்பியவர். ஒரு ஜூன் மாதம் போனபோது சிரித்த முகமாக, "நல்லாப் போகுது கிராணி, ஆண்டவன் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல" என்றார். ஆம்புரோஸும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு வந்தார். பதினைந்தாம் நாள் கடைப் பலகை இறங்கிவிட்டது. பழனியப்பன் இப்போது கமுந்திங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நடக்கிற கடைக்காரனுக்குப் பயம் கண்ணேறு ஒன்றுதான். நொடிக்கிற கடைக்காரனுக்கோ ஊரெல்லாம் பயம். சரக்குப் போடுகிறவன் நிறுத்திவிடக்கூடாது, மாமனார் வீட்டில் சிரித்துவிடக்கூடாது. அவன்தான் நல்லா இருக்கு என்று சொல்வான்.

இப்படி ஊர் வாளியை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆம்புரோஸின் சொந்த வீட்டிலேயே ஒரு நாள் கடை விவகாரம் வந்து சேர்ந்தது.

அவருடைய ஒரே மகள் ஜூலியானா. முப்பத்தொரு வயது. ஒரு மணி நேரத் தூரத்துக் கமுந்திங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாக வேலை. பாதி வாரம் பகல், பாதி வாரம் ராத்திரி. வீட்டுக்கு வருகிற சனிக்கிழமைகளில் காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போவாள். ஆம்புரோஸ் சத்தமில்லாமல் குனிந்து அதைக் கழற்றி வைப்பார். தூக்கம் தெளிந்தால் அவள் தையல் மெஷினில்தான் உட்காருவாள். அவள் தைத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு குழந்தையம்மாள் மாதா கோயிலுக்குப் போனால் பின் வரிசைப் பெண்கள் பூசையைக் கவனிப்பதில்லை, முதுகைத்தான் கவனிப்பார்கள்.

ஜனவரியில் அவள், வேலையை விட்டுவிட்டுப் புந்தோங்கில் பிளவுஸ் கடை போடப்போகிறேன் என்றாள்.

"நீங்கதானப்பா நாப்பது கடைய பாக்குறீங்க," என்று கேட்டாள். "நீங்களே சொல்லுங்க. இந்த வருசம் எப்படி இருக்கும்?"

சங்கத் தலைவர் கேட்டிருந்தால் கட்டம் போட்டுக் காட்டியிருப்பார். மகள் கேட்டதுதான் ஆம்புரோஸுக்குச் சிக்கல். நன்றாக இருக்கும் என்று சொன்னால் பெற்ற அப்பன் கண்ணே பட்டுவிடும். மோசம் என்று சொன்னால் அது பொய். கடைசியில் "பாக்கலாம் லா" என்றார். அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்குக் கடைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தொழிற்சாலையில் நல்ல பேர் எடுத்தவள் என்பதால், டிசம்பர் கடைசிக்குள் திரும்பி வந்தால் பழைய வேலையையே தருகிறோம் என்றார்கள். அவளும் அப்பா அம்மா முன்னால் வாக்குக் கொடுத்தாள்: வருஷக் கடைசிக்குள் கடை சொந்தக் காலில் நிற்கவில்லை என்றால் மறுபடி கமுந்திங்தான், யாரும் அழக்கூடாது.

மார்ச்சில் கோயில் சாமியார் வந்து கடையை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். வட்டாரத்தில் எந்தப் புதுக் கடை வந்தாலும் ஆய்வில் சேர்க்கவேண்டும் என்பது சங்கத்து விதி. பெற்ற மகள் கடை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஆம்புரோஸ் சொல்லிப் பார்த்தார். வேறு ஆளே இல்லை அங்கிள் என்றாள் ஷாமினி. ஆக, ஜூலியானாவின் கடை நாற்பத்தோராவது கடை.

ஜூன் சுற்றில் கிளிப் அட்டையோடு மகள் கடைக்குள் நுழைந்தார். ஜூலியானா எழுந்து வந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றினாள். தட்டில் பிஸ்கட் வைத்தாள். சாஸ்திரம் தெரிந்த ஆம்புரோஸ் கோப்பியைத் தொடவில்லை.

"வியாபாரம் எப்படிமா?"

"ரொம்ப நல்லாப் போகுதுப்பா," என்றாள் சிரித்துக்கொண்டே. "நெனச்சதுக்கு மேலேயே போகுது."

பழனியப்பன் சொன்ன அதே பதில். மெல்ல வாளியைப் பார்த்தார். கொடிக் கம்பியில் மூன்று பிளவுஸ். ஒன்று அவளுடையது, இன்னொன்று அவள் அம்மாவுடையது. தரையில் ஒரு துண்டு நூல் இல்லை. கத்தரிக்கோல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மூன்றாவது பிளவுஸை நேற்றுக் கொடுத்தார்கள், இன்றைக்கே தைத்து முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாள். ஐயோ, என் ராஜாத்தி என்று கத்தவேண்டும்போல இருந்தது அவருக்கு. சொன்ன தேதிக்கு முன்னாலேயே துணியைக் கொடுக்கிற தையல்காரியை இந்த ஈப்போவில் எவள் நம்புவாள்?

கையால் மறைத்துக்கொண்டு 'மோசமடைந்துள்ளது' பெட்டியில் கோடு போட்டார். என்ன போட்டீங்க என்று அவள் எட்டிப் பார்த்தாள். சங்கத்து ரகசியம் என்று மடித்துவிட்டார்.

கோளாறு தையலில் இல்லை. கடை முகப்பில் கொட்டை எழுத்தில், சொன்ன தேதியில் கிடைக்கும், எந்த நேரமும் வரலாம் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் வியாபாரம் பிரமாதம் என்றும் சொன்னாள். ஒன்பது வருஷம் தொழிற்சாலையில் இருந்தவள், அங்கே அப்படிச் சொன்னால்தான் மேலதிகாரிக்குப் பிடிக்கும். புந்தோங் பெண்களுக்கு அது ஆகவில்லை. எந்த நேரமும் சும்மா இருக்கிறாளாமே, அப்படியென்றால் கையில் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் என்னவோ கோளாறு, நல்ல பட்டுத் துணியைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்வதா என்று அடுத்த தெருவுக்குப் போனார்கள். அங்கே இருக்கிற தையல்காரி ஒரு மாதம் இழுத்தடித்து, திட்டித் தைத்துக் கொடுப்பாள். அவளிடம்தான் கூட்டம்.

நம்ம பிள்ளை நல்லா தைக்கும் என்று நாலு பேரிடம் சொல்லக்கூடாதா என்று குழந்தையம்மாள் பிடுங்கியெடுத்தார். ஆம்புரோஸும் மூன்று கடையில் சொல்லிப் பார்த்தார். அப்படியா கிராணி என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் கண்ணில் ஒரு இரக்கம் தெரிந்தது. கிராணி மகள் கடைக்கு ஆள் பிடிக்கிற நிலைக்கு வந்துவிட்டாராம் பாவம் என்று சுகுமாரன் யாரிடமோ சொன்னது அவர் காதுக்கே வந்தது.

செப்டம்பர் சுற்றில் ஜூலியானா பிஸ்கட்டுக்குப் பதில் கேக் வைத்தாள். ரொம்ப ரொம்ப நல்லாருக்குப்பா என்றாள். ஜூனில் ஒரு ரொம்பதான், இப்போது இரண்டு. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. கடை மூலையில் கமுந்திங் தொழிற்சாலையின் நீலச் சட்டை துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பெட்டியில் கோடு போட்டுவிட்டு வெளியே வந்தார். மோட்டாரை மிதித்தார், அதுவும் அன்றைக்குப் பார்த்து எழும்பவில்லை. தள்ளிக்கொண்டே அடுத்த கடைக்குப் போனார். அது புஷ்பலதாவின் அழகு நிலையம்.

புஷ்பலதா ஒரு பெண்ணுக்கு நூல் வைத்துப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் தலையில் மருதாணியைப் பூசிக்கொண்டு காத்திருந்தார்கள். வழக்கம்போல ஆளே இல்லை கிராணி என்று சொல்லிவிட்டு, ஒரு மரியாதைக்கு, மகள் கடை எப்படிப் போகுது என்று கேட்டார்.

வெயில், மோட்டார், நீலச் சட்டை எல்லாம் சேர்ந்து ஆம்புரோஸுக்குத் தலைக்கேறியது.

"அவ பேச்ச எடுக்காதீங்க," என்றார். "பெத்த தாய்க்கு ஒரு பிளவுஸ் தச்சுக் குடுக்க நேரமில்லையாம் அவளுக்கு. மூணு வாரமா இழுத்தடிக்கிறா. திமிரு. நீங்க யாரும் அங்க போயிராதீங்க."

புஷ்பலதாவின் கையில் நூல் அப்படியே நின்றது. பாதிப் புருவத்தோடு அந்தப் பெண்ணும் கண்ணைத் திறந்தாள்.

"அவ்ளோ ஆளா வருது, அண்ணே?"

ஆம்புரோஸ் அவர்கள் முகத்தைப் பார்த்தார். அங்கே இரக்கம் இல்லை, வேறு என்னவோ இருந்தது. தோட்டத்துப் பதினெட்டு வருஷமும் கடை கடையாக அலைந்த ஆறு வருஷமும் சேர்ந்து அவர் வாயில் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தன.

"யாரு கண்டா," என்றார். "கேட்டா, சிலோன்னுதான் சொல்றா."

மருதாணி பூசியிருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பாக்கியிருந்த பதினாறு கடையிலும் ஆம்புரோஸ் மகளைத் திட்டினார். முடித்த கடைகளுக்கும் பேனாவை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போய்த் திட்டினார். சுகுமாரனிடம், சொன்ன தேதிக்கு ஒரு துணி வருவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறாள், இப்படிப் பிள்ளையை வளர்த்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். சுகுமாரன் அவரைத் தேற்றி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், பெற்ற மகளைப் பற்றி ஊரெல்லாம் பொய் சொன்னேன் சாமி என்று ஒப்புக்கொண்டார். என்ன பொய் என்று சாமியார் கேட்டார். சொன்ன தேதிக்குத் துணி தரமாட்டாள் என்று சொன்னேன் என்றார். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் நீளமாக இருமினார். அது இருமல்தானா என்று ஆம்புரோஸுக்கு இன்றுவரை சந்தேகம். பரிகாரமாக மூன்று செபமாலை சொல்லக் கிடைத்தது.

முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள். தீபாவளி நெருங்கவும் பத்துப் பேர். வந்தவர்கள் எல்லாரும் ஏதோ அரசாங்க அலுவலகத்துக்கு வந்ததுபோல வாசலிலேயே பணிவாக நின்று, எனக்கு மட்டும் கொஞ்சம் முந்தித் தைத்துக் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். ஜூலியானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாளைக்கே தருகிறேன் என்றாள். சும்மா சொல்றீங்க என்று சிரித்தார்கள். ஒருத்திதான் விஷயத்தை உடைத்தாள்: உங்க அப்பாவே சொன்னாரே, நீங்க ரொம்ப திமிர் பிடிச்சவங்கன்னு.

அன்று மாலை வீட்டுக்கு வந்த ஜூலியானா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பெத்த அப்பனே ஊரெல்லாம் போயி எம் பேர கெடுத்துட்டு வர்றீங்களா?" என்றாள். குரல் உடைந்தது. "வருசக் கடைசிக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. நான் கமுந்திங்குக்கே போயிறணும், அதானே ஒங்களுக்கு வேணும்?"

ஆம்புரோஸுக்கு இக்கட்டு. ஏன் சொன்னேன் என்று விளக்கவேண்டுமானால், நீ நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொன்னதெல்லாம் பொய்யென்று எனக்கு முதல் நாளே தெரியும் என்றும் சொல்லவேண்டும். கேக் வைத்துச் சிரித்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. அம்மா, அவங்கள சாப்பிடச் சொல்லு என்பதோடு சரி. குழந்தையம்மாள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரர் வேலை பார்த்தார். அந்தத் தபாலிலும், கடை எப்படிப் போகிறது என்ற செய்தி மட்டும் வரவே இல்லை.

டிசம்பர் சுற்று வந்தது. நாற்பது கடையையும் முடித்து, நாற்பத்தோராவதை நாலு நாள் தள்ளிப்போட்டார். ஐந்தாம் நாள் ஷாமினி அழைத்து, ஒரே ஒரு போரம்தான் பாக்கி அங்கிள் என்றாள். வேறு வழியில்லாமல் கிளம்பினார். வழி முழுக்க, நாற்காலி போடக்கூடாது மாதாவே, கோப்பி தரக்கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டே போனார்.

கடை வாசலில் செருப்புகள் சிதறிக் கிடந்தன. கிராணிக் கண் தானாகவே எண்ணியது: பதினோரு ஜோடி. உள்ளே நிற்க இடமில்லை. கொடிக் கம்பி பாரம் தாங்காமல் நடுவில் வளைந்திருந்தது. தரையெல்லாம் நூலும் வெட்டுத்துணியும். சொன்ன தேதி பலகையை யாரோ திருப்பிப் போட்டு அதன்மேல் துணி மூட்டை வைத்திருந்தார்கள். இருந்த ஒரே நாற்காலியில் புஷ்பலதா உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டையைக் காணவில்லை. அப்புறம் பார்த்தால், மெஷினுக்கு எண்ணெய் துடைக்கிற துணியாக அது ஜூலியானாவின் காலடியில் கிடந்தது. அவள் வாயில் ஊசிகளைக் கவ்வியபடி ஒரு அம்மாளின் தோளில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சங்கத்துலேருந்து வந்திருக்கேன்," என்றார் ஆம்புரோஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "போன மூணு மாசம் வியாபாரம் எப்படி?"

ஜூலியானா திரும்பிப் பார்க்கவே இல்லை. வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள்.

"சிலோ லா பா. ஆளே இல்ல. நீங்க வேற நேரங்காலம் தெரியாம... நாளைக்கு வாங்க."

இரண்டு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும், பாவம், ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். வருகிற மூன்று மாதம் எப்படி என்று கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. கேட்காமலே வெளியே வந்து, மோட்டாரின் மேல் உட்கார்ந்து, கிளிப் அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பக்கம் போன சுகுமாரன் அதைப் பார்த்துவிட்டு, சரிதான், மகள் கடை உண்மையிலேயே மூழ்கிவிட்டதாக்கும் என்று நினைத்து, கடையிலிருந்து ஒரு தேங்காய் எண்ணெய் போத்தல் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஷாமினி அழைத்தாள். குறிப்பில் சிலோ, ஆளே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பெட்டியில் இரண்டு கேள்விக்கும் மேம்பட்டுள்ளது என்று போட்டிருக்கிறீர்களே என்று கேட்டாள். வாளி வழியுதுமா என்றார் ஆம்புரோஸ். அவள் அப்படியே பதிந்துகொண்டாள்.

அதே வாரம் கமுந்திங்கிலிருந்து மேலதிகாரி அழைத்து, ஜனவரியில் வருகிறாயா என்று ஜூலியானாவைக் கேட்டாராம். நான் எங்கே வர, நானே கைக்கு ஆளில்லாமல் சாகிறேன், அங்கே தையல் தெரிந்த பெண் யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாளாம். இதுவும் குழந்தையம்மாள் தபாலில்தான் வந்தது. ஆனால் அந்தத் தபாலைக் கொண்டுவந்தபோது குழந்தையம்மாளின் முகம் சரியில்லை. கிறிஸ்துமஸுக்குத் தைக்கச் சொல்லி அந்த அம்மாளே மகளிடம் கொடுத்த மயில் கழுத்து நிறப் பட்டு, வெட்டக்கூட இல்லாமல் கடையில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்தது.

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குக் குழந்தையம்மாள் போன வருஷத்துப் பிளவுஸிலேயே வந்தார். பூசை முழுக்க ஆம்புரோஸ் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பூசை முடிந்து மூவரும் வாசலில் நிற்கும்போது பின் வரிசைப் பெண்மணி ஒருவர் வந்து கை கொடுத்து, மகள் கடை எப்படிப் போகிறது என்று ஆம்புரோஸைக் கேட்டார்.

ஆம்புரோஸ் சிரிப்பை விழுங்கினார். முகத்தை நன்றாகத் தொங்கப்போட்டார்.

"எங்கங்க. சிலோ லா."

பக்கத்தில் நின்ற ஜூலியானா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தத் தொங்கிய முகத்தை, அதன் ஓரத்தில் ஒளிந்திருந்த சிரிப்பை, சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாவை எல்லாம் ஒரு நிமிஷம் பார்த்தாள். ஜூன் மாதம் கையால் மறைத்துப் போட்ட கோடு எந்தப் பெட்டியில் விழுந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளும் முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"ரொம்ப சூசா ஆண்ட்டி," என்றாள். "வருசக் கடைசில மூடிறலாமான்னு இருக்கு."

அந்தப் பெண்மணி அவசரமாக, மூடுறதுக்கு முன்னால என் மருமகளுக்கு நாலு பிளவுஸ் இருக்கு, நாளைக்குக் கொண்டு வரட்டுமா என்றார். ஜூலியானா மனமில்லாமல் சம்மதிப்பதுபோலத் தலையசைத்தாள். ஆம்புரோஸ் அவள் கையை விடவில்லை.

குழந்தையம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்டி. பெத்தவளுக்கு பிளவுஸ் எப்ப?"

"நாளைக்கு வாங்கம்மா," என்றாள் ஜூலியானா.